எஃப்-6 இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் சொல்லியாக வேண்டும். முறைப்படி சொல்லிவிடுகிறோம்.

ஆக்கியோன் பெயர் தேவையில்லை. குடிவரவு அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வரிசை எண்தான். வழி: இது வழிநூல். இதன் முதல்நூல் தென்கொரியாவின் குடிவரவுச் சட்டமும் அதன் அமலாக்க ஆணையும் ஆகும். எல்லை: வடக்கே படைவிலக்கப் பகுதி, தெற்கே ஜேஜூ தீவு, மற்ற இரு பக்கமும் கடல். நூற்பெயர் தலைப்பில் உள்ளது. யாப்பு: தொகுத்தது; பிறகு யாருக்கும் புரியவில்லை என்பதால் விரித்தது. நுதலிய பொருள்: கொரியரை மணந்த வெளிநாட்டார் அங்கே தங்கலாமா, வேலை செய்யலாமா, எதுவரை என்பது. கேட்போர் மூவகையர்: மணந்தவர், மணக்க இருப்பவர், கொரியத் தொடர் பார்த்துவிட்டு மணக்கலாமே என்று நினைப்பவர். மூன்றாம் வகையினர்க்கே இந்நூல் மிகவும் பயன்படும். பயன்: எந்த உரிமை தம்முடையது, எது கடனாகக் கிடைத்தது என்று அறிதல்.

1. வேற்றுமையியல்

ஏமுதல் எச்வரை எட்டே வேற்றுமை;
ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருட்டே.

இஃது என் நுதலிற்றோ எனின், கொரிய மண்ணில் கால்வைக்கும் அயலாரை அந்நாட்டு அரசு எத்தனையாகப் பகுக்கிறது என்பது உணர்த்துதல் நுதலிற்று.

கொரிய விசாக்களுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எட்டு எழுத்துகளே பெயர். ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் ஓர் எண் வரும். எட்டு எழுத்து, எட்டு வேற்றுமை. இது தற்செயல் என்பார் ஒரு சாரார். பொருளையும் பொருத்திப் பார்த்தபின் அவர்கள் வாய் திறப்பதில்லை.

முதல் வேற்றுமை ஏ. தூதர்களும் அரசு அலுவலாக வருவோரும் இதில் அடங்குவர். எழுவாய்க்கு உருபு இல்லை. இவர்களுக்கும் வரிசை இல்லை. இரண்டாம் வேற்றுமை பி, செயப்படுபொருள்: அரண்மனையைப் பார்த்தார், கிம்ச்சியைத் தின்றார், ஊருக்குப் போனார். சுற்றுலாவினர் இவர்கள். மூன்றாவது சி, ஒடு உருபு: திரும்பும் பயணச்சீட்டோடு வருவோர், குறுகிய காலத்தினர். நான்காவது டி, கு உருபு, பொருட்டுப் பொருள்: படிப்புக்கு, பயிற்சிக்கு, முதலீட்டுக்கு, வேலை தேடுவதற்கு. டி-2 மாணவர், டி-10 வேலை தேடுபவர்.

ஐந்தாவது இ, வேலைக்கென்றே வருவோர். பேராசிரியருக்கு இ-1, ஆங்கிலம் கற்பிப்போருக்கு இ-2, தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் வருவோருக்கு இ-9. ஐந்தாம் வேற்றுமையின் பொருள் நீங்கல். 2004-இல் தொடங்கிய வேலை அனுமதி முறையில் வரும் இ-9 தொழிலாளி ஒரு தடவைக்கு 4 ஆண்டு 10 மாதம் வரை இருக்கலாம், பிறகு நீங்க வேண்டும். 5 ஆண்டு தொடர்ந்து தங்கியவர் நிரந்தர வசிப்போ குடியுரிமையோ கேட்கத் தொடங்குவார் அல்லவா, அதற்கு 2 மாதம் முன்பே கணக்கு முடிகிறது. இதைவிடச் செம்மையாக நீங்கற்பொருளை எந்த இலக்கணியும் விளக்கியதில்லை.

ஏழாவது ஜி, கண் உருபு, இடப்பொருள். அகதி மனு போட்டவர், சிகிச்சை பெறுபவர், வழக்கு நடத்துபவர்: இங்கே இருக்கிறார் என்பதற்கு மேல் இவர்களைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. எட்டாவது எச், விளி வேற்றுமை. ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்க வாருங்கள் என்று இளைஞர்களை அழைப்பது எச்-1. சீனத்திலும் பழைய சோவியத் நாடுகளிலும் பிறந்த கொரிய வம்சத்தாரைப் பிள்ளாய் வா என்று விளித்தது எச்-2.

எஞ்சியது ஆறாவது, எஃப். அது, உடைய என்பன இதன் உருபுகள். கிழமைப் பொருள், அதாவது உடைமையும் உறவும். எஃப்-1 உறவைப் பார்க்கவும் கூட இருக்கவும் வந்தவர், எஃப்-2 வசிப்போர், எஃப்-3 வேலைக்கோ படிக்கவோ வந்த வெளிநாட்டவரின் மனைவி மக்கள், எஃப்-4 வெளிநாட்டுக் குடிமக்களான கொரிய வம்சத்தார், எஃப்-5 நிரந்தர வசிப்போர், எஃப்-6 கொரியக் குடிமகனின் அல்லது குடிமகளின் துணை.

இந்த எஃப்-6 பழைய உருபு அன்று. 2011-ஆம் ஆண்டின் இறுதிவரை கொரியரை மணந்தவர் எஃப்-2 என்னும் பொதுத் திண்ணையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். அவ்வாண்டு டிசம்பரில்தான் தனி எண் கிடைத்தது. ஆறாம் எழுத்தில் ஆறாம் எண்: கிழமையிலும் கிழமை. யாருடைய மனைவி, யாருடைய கணவர் என்னும் கேள்விக்கு விடை இருக்கும்வரை இந்த விசா இருக்கும். இந்நூல் முழுவதும் அந்த ஒரு கேள்வியின் விரிவே என்று கொள்க.

2. புணரியல்

நிலைமொழி கொரியர்; வருமொழி அயலார்;
தோன்றல் திரிதல் கெடுதல் மூன்றும்
வருமொழிக் காகும், நிலைமொழிக் கிலவே.

இரு மொழிகள் சேரும்போது விகாரம் எந்தப் பக்கமும் நேரலாம் என்பது தமிழ் மரபு. கொரிய மரபில் வருமொழிதான் விகாரப்படும். மூன்று விகாரத்துக்கும் உதாரணம் காட்டுதும்.

திரிதல். 1948-இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் ஐம்பது ஆண்டுகள் பால் நோக்கியே புணர்த்தது. நிலைமொழி ஆண்பாலாயின், வருமொழியாகிய மனைவி மணத்தாலேயே கொரியக் குடிமகளாகத் திரிவாள். நிலைமொழி பெண்பாலாயின், வருமொழியாகிய கணவர் இயல்புப் புணர்ச்சி. எப்படி வந்தாரோ அப்படியே கிடப்பார். அவர்களுக்குப் பிறந்த குழந்தையும் தந்தையின் நாட்டுக்கே உரியது. கொரியாவின் முதல் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீயின் மனைவி ஆஸ்திரியாவில் பிறந்தவர் என்பதும், அதே நாட்டில் வெளிநாட்டுக் கணவர்கள் தங்கவும் உழைக்கவும் வழியின்றி நின்றார்கள் என்பதும் ஒரே இலக்கணத்தின் இரு உதாரணங்கள்.

1997-இல் திருத்தி 1998 ஜூன் 14 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்தப் பால்வேறுபாட்டை நீக்கியது. தாய் கொரியரானாலும் பிள்ளை கொரியரே என்றது. மணந்த துணை ஆணாயினும் பெண்ணாயினும், கொரியாவில் 2 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது மணந்து 3 ஆண்டாகி அதில் ஓராண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பின்னரே குடியுரிமை கேட்கலாம் என்றது. சமத்துவம் வந்தது எவ்வாறு எனின், மனைவியரை வரிசையின் முன்னிருந்து பின்னுக்கு அனுப்பியும், கணவன்மாரைச் சற்றே முன்னுக்கு நகர்த்தியும் என்க.

கெடுதல். கொரியாவில் ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் குடியிருப்போர் பதிவுச் சான்று ஒன்று உண்டு. பள்ளிக்கும் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் கேட்கப்படும் தாள் அது. அந்தப் பதிவு குடிமக்களுக்கானது. வெளிநாட்டார் வேறு ஏட்டில் இருந்தனர். ஆகவே கணவன், மனைவி, இரு பிள்ளைகள் உள்ள வீட்டில் துணை ஒருவர் வெளிநாட்டாராயின், சான்றை எடுத்தால் மூன்று பெயரே அச்சாயின. சோறு வடிப்பவரும் வாடகை கட்டுபவரும் அந்த வெளிநாட்டுத் துணையாகவே இருக்கலாம், தாளில் கெட்டுப்போயிருந்தார். அதைப் பள்ளியில் நீட்டிய பிள்ளை, பெற்றோரில் ஒருவர் இல்லாத பிள்ளையாகத் தெரிந்தது.

தோன்றல். 2018 மார்ச் 20 முதல் அதே சான்றில் வெளிநாட்டுத் துணையின் பெயரும் இடம்பெறலாயிற்று. உயிரோடு உள்ளவர் தாளில் தோன்ற எடுத்துக்கொண்ட காலம் இத்தனை என்று எண்ணிக்கொள்க.

2023-இல் கொரியாவில் பதிவான திருமணங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, சுமார் 20 ஆயிரம், வெளிநாட்டாரோடு நடந்தது. அவற்றில் நான்கில் மூன்று, மணமகன் கொரியராகவும் மணமகள் அயலாராகவும் அமைந்தவை. எனவே வருமொழிக்கு வரும் விகாரம் பெரும்பாலும் பெண்ணுக்கு வரும் விகாரமே.

ஒரே பாலார் இருவர் புணர்ந்தால் என்ன விதி எனின், கொரியச் சட்டம் அதைத் திருமணமாக ஏற்கவில்லை. ஆதலால் எஃப்-6 இல்லை. விதியே இல்லாத இடத்துக்கு உரை எழுதுதல் இயலாது.

3. தகுதியியல்

வருவாய், வாழிடம், வாய்மொழி மூன்றும்
ஒருங்கே அமையின் ஒட்டும், இன்றேல்
ஒட்டா தென்ப தூதரகத் தோரே.

இது மணவிசா கேட்போருக்கு 2014 ஏப்ரல் முதல் வந்த மூன்று சோதனைகளை உணர்த்துகிறது. காதல் நூற்பாவில் விடுபட்டது என்னை எனின், விண்ணப்பத்திலும் அதற்குக் கட்டம் இல்லை ஆகலான்.

வருவாய் என்பது அழைக்கும் கொரியத் துணையின் ஆண்டு வருமானம். நீதி அமைச்சகம் ஆண்டுதோறும் குடும்ப அளவுக்கேற்ப ஒரு தொகை அறிவிக்கும். 2024-இல் இருவர் உள்ள குடும்பத்துக்கு அது 2 கோடியே 20 லட்சத்து 95 ஆயிரத்து 654 வோன். கடைசி 4 வோன் வரை கணக்கு இருப்பதைக் கண்டு வியவற்க. நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் சரிபாதி எடுத்ததால் வந்த எச்சம் அது. சம்பளம் போதாதவர் சொத்து காட்டலாம்: கடன்போக நிற்கும் சொத்து மதிப்பில் நூற்றுக்கு 5 வருமானமாகக் கொள்ளப்படும். கூடவே வாழும் குடும்பத்தாரின் வருமானத்தைச் சேர்ப்பதும் உண்டு. இவ்விடத்தில் மாமனாரின் ஓய்வூதியம் முதன்முறையாக ஒரு காதலுக்கு உதவுகிறது. இருவருக்கும் குழந்தை பிறந்துவிட்டால் இந்தச் சோதனையே விலக்கு.

வாழிடம் என்பது தொடர்ந்து குடித்தனம் நடத்தத்தக்க வீடு. தேர்வுக்குப் படிப்போர் ஒண்டும் கோசிவோன் அறையும் விடுதி அறையும் வீடாகா.

வாய்மொழி என்பது இருவரும் பேசிக்கொள்ளும் மொழி. மணப்பவருக்குக் கொரியம் தெரியும் என்றால் டோபிக் என்னும் கொரிய மொழித் தேர்வின் முதல் நிலைச் சான்று வைக்கலாம்: 200-க்கு 80 மதிப்பெண். அம்மாவும் அப்பாவும் இரு மொழியிலும் ஒன்றுதானே என்று தைரியமாகப் போகும் தமிழர் கவனிக்க: அந்த இரண்டு சொற்களுக்கு 80 போடமாட்டார்கள். கொரியம் வேண்டாம் என்றால், கொரியத் துணை உங்கள் மொழி வழங்கும் நாட்டில் ஓராண்டு வாழ்ந்ததைக் காட்டலாம். சென்னை அருகே கார் ஆலைக்காக வந்து தங்கிய கொரியர்களுக்கு இது கைகொடுக்கும். குழந்தை இருந்தால் இங்கும் விலக்கு. பேசாமலே குழந்தை பிறக்குமா என்ற ஐயம் சட்டத்துக்கு எழவில்லை.

இனி ஆவணங்கள். அவை மூவகைப்படும்: பிறந்தேன் என்பன, மணமாகவில்லை என்பன, மணமாகிவிட்டது என்பன. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே உறையில் போகும். முதலில் மணமாகாதவர் என்று நிறுவினால்தான் மணமானவர் என்று பதிவார்கள். இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து நீண்டநாள் தங்க வருவோர் காசநோய் இல்லை என்னும் சான்றும் தர வேண்டும். புகைப்படம் 3.5க்கு 4.5 செ.மீ., வெள்ளைப் பின்னணி. இவற்றுள் உரைகாரர்கள் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்வது மணப்பின்னணி வாக்குமூலம் என்னும் படிவத்தில்தான். எங்கே சந்தித்தீர்கள், அறிமுகம் செய்தவர் யார், எந்த மொழியில் பேசுகிறீர்கள், வீட்டாருக்குத் தெரியுமா, முன்பு மணமானதுண்டா: மணப்பெண் பார்க்கப் போகும் அத்தைமார் கேட்கும் அதே கேள்விகள், இம்முறை முத்திரையோடு.

இந்தப் படிவம் நன்கு விளங்க ஒரு பழைய விண்ணப்பதாரரை இங்கே உட்காரவைப்போம். 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சம்குக் யூசா என்னும் நூல் சொல்லும் கதைப்படி, கி.பி. 48-இல் ஆயுத நாட்டு இளவரசி ஹியோ ஹ்வாங்-ஓக் கப்பலேறி வந்து காயா நாட்டு மன்னர் சூரோவை மணந்தாள். அந்த ஆயுத நாடு அயோத்தி என்று சிலரும், தமிழகத்து ஆய் நாடு என்று சிலரும் இன்றும் வாதாடுகிறார்கள். வாதம் இருக்கட்டும், படிவத்தை நிரப்புவோம்.

வயது: 16. இங்கேயே எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். பழங்கதை என்பதற்காக மேலே போவோம். எங்கே சந்தித்தீர்கள்: மன்னர் போட்ட கூடாரத்தில், மணநாளன்று. முன்பு பழக்கம்: இல்லை. அறிமுகம் செய்தவர்: பெற்றோர் கனவில் வந்த தெய்வம். எழுத்தர் கேட்பார், அந்தத் தெய்வம் பதிவு பெற்ற தரகரா? 2008 ஜூன் முதல் கொரியாவில் திருமணத் தரகுக்குத் தனிச் சட்டம் உண்டு. பன்னாட்டு மணத் தரகர் 10 கோடி வோன் மூலதனம் காட்ட வேண்டும். துணையின் வருவாய்: மன்னர், நாடு முழுவதும். தேறியது. வாழிடம்: அதே தற்காலிகக் கூடாரம். தேறாது. பேசிக்கொண்ட மொழி: வெற்றிடம். உடன் கொண்டுவந்தவை: பட்டு, பொன், அலையடக்க ஒரு கல் கோபுரம். சுங்கத்துறையைக் கேட்க. முடிவு: விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. கிம்ஹே ஊரில் அவள் கல்லறையை இன்றும் போற்றுகிறார்கள். கிம்ஹே கிம், கிம்ஹே ஹியோ என்னும் பெருங்குலங்கள் தம்மை அவள் வழியினர் என்கின்றன. பெருங்குலங்களுக்கே ஆதித்தாயாக எண்ணப்படுபவர் இன்றைய சாளரத்தில் தேறமாட்டார் என்பது இந்நூலின் துணிபு.

நகைப்பை ஒரு கணம் நிறுத்துக. இத்தனை கேள்விகளும் வெறும் அலுவலகக் குறும்பால் முளைத்தவை அல்ல. 2010 ஜூலையில் புசானில், கொரியாவுக்கு வந்து 8 நாளே ஆன 20 வயது வியட்நாமிய மணப்பெண்ணை அவள் கணவன் கொன்றான். அவனுக்கு மனநோய் வரலாறு இருந்தது. அவளுக்கு அது தெரியாது. அதன் பிறகே தரகர்கள் இருதரப்பின் உடல்நலம், குற்றப்பதிவு முதலியவற்றை எழுத்தில் பரிமாற வேண்டும் என்னும் விதி இறுகியது. சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், மங்கோலியா, கம்போடியா, உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து என்னும் ஏழு நாட்டவரை மணக்கப்போகும் கொரியர்கள் வழிகாட்டு வகுப்பில் உட்கார வேண்டும் என்பதும் வந்தது. ஒரு முறை துணையை அழைத்தவர் 5 ஆண்டு கழியாமல் இன்னொருவரை அழைக்க முடியாது என்பதும் அவ்வழிப்பட்டதே. ஏழு நாட்டுப் பட்டியலில் இந்தியா இல்லை.

4. வினையியல்

எஃப்ஆ றுற்றார்க் கெத்தொழிலும் விலக்கின்று;
ஏனையோர்க் கெல்லாம் ஏட்டில்கண் டதுவே.

இந்நூலுள் மகிழ்ச்சி தரும் இயல் இது ஒன்றே. எஃப்-6 உடையவர் எந்த வேலையும் செய்யலாம். தனி அனுமதி வேண்டாம். முதலாளியை மாற்றலாம், கடை வைக்கலாம், பகுதிநேரமாக மூன்று இடத்தில் பார்க்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அமலாக்க ஆணையே அவர்களுக்குத் தொழில் வரையறை இல்லை என்கிறது. 2000-களின் தொடக்கம் வரை கணவன் மனைவியாக வந்தவர்களுக்குக்கூட இது இப்படித் திறந்து கிடக்கவில்லை.

மற்றவரோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை விளங்கும். இ-9 தொழிலாளி முதல் 3 ஆண்டில் 3 முறைக்கு மேல் பட்டறை மாறக்கூடாது; அதற்கும் காரணம் காட்ட வேண்டும். இ-2 ஆசிரியர் மொழி கற்பிக்கலாம், அடுத்த தெருவில் தேநீர் விற்கக் கூடாது. எஃப்-3, அதாவது வேலைக்கு வந்தவரின் மனைவி, வீட்டில் இருக்கலாம். தனி அனுமதியின்றிச் சம்பளம் வாங்கக் கூடாது. எஃப்-4 உடைய கொரிய வம்சத்தார்க்கு நெடுங்காலமாக எளிய உடலுழைப்பு வேலைகள் தடை. ஆக, கொரிய இரத்தம் ஓடுபவருக்கு மூடியிருந்த கதவு, கொரியரை மணந்தவருக்குத் திறந்திருந்தது. இரத்தத்தைவிடத் தாலி வலிது என்று ஒரு நூற்பா செய்யலாம். அளவு கருதி விடுத்தாம்.

எடுத்துக்காட்டாக, சுவோன் நகரில் இ-7 விசாவில் மென்பொருள் எழுதும் தமிழ்ப் பொறியாளர் ஒருவர் என்று கொள்வோம். நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தால் அவருக்கு வேலையோடு விசாவும் ஆட்டம் காணும். அவர் கூட வேலை பார்க்கும் கொரியப் பெண்ணை மணந்து எஃப்-6 வாங்கிவிட்டால், வேலை போனால் வேலை மட்டுமே போகும். மறுநாள் இட்லிக் கடை போட்டாலும் கேட்க ஆளில்லை, வாடிக்கையாளரைத் தவிர.

இங்கே ஓர் ஐயம்: மணச்சான்று கையில் வந்த அன்றே வேலைக்குப் போகலாமோ எனின், ஆகாது. வேலை உரிமை மணத்துக்கு உரியதன்று, விசாவுக்கு உரியது. சுற்றுலா அனுமதியில் வந்து மணந்தவர் எஃப்-6 கிடைக்கும்வரை சுற்றுலாப் பயணியே. விசாவோடு வந்தவர் 90 நாளுக்குள் பதிவு செய்து அடையாள அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாதவருக்குக் கைப்பேசி இணைப்பிலிருந்து வங்கிக் கணக்கு வரை எல்லாம் இழுபறி. சம்பளம் எங்கே போய் விழும்?

இன்னும் ஓர் ஐயம்: குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்தால் அவரும் வேலை செய்யலாமோ எனின், எஃப்-1-இல் வரும் அம்மா பேரனைக் குளிப்பாட்டலாம், சமைக்கலாம், வீடு துடைக்கலாம், கூலி வாங்கினால்தான் குற்றம். கூலியில்லாத உழைப்பு எதையும் சட்டம் வேலை என்று கருதுவதில்லை. இவ்வொன்றில் கொரியாவும் நம் ஊரும் ஒரே இலக்கணம். ஆனால் வயலில் அறுவடைக்கு ஆள் வேண்டும்போது மட்டும், மணந்து வந்தவரின் ஊர் உறவினரைப் பருவகால வேலைக்கு அழைக்கும் வழியைக் கொரியாவின் கிராமப்புற மாவட்டங்களே திறந்துவைத்துள்ளன. உறவு உள்ள இடத்தில் கூலியும், கூலி உள்ள இடத்தில் உறவும் புகுதல் கூடாது; முட்டைக்கோசு முற்றினால் இரண்டும் புகலாம்.

5. எச்சவியல்

மகவும் சாவும் மற்றவர் பிழையும்
எச்சமாய் நிற்றற் கேது வாகும்;
அன்பின்மை மட்டும் அதனுள் அடங்கா.

மணம் முடிந்தபின் எஞ்சுவோரைப் பற்றியது இவ்வியல். எஃப்-6 தன்னுள் மூன்றாகும். முதலாவது, மணவாழ்வு நடந்துகொண்டிருப்பவர். இரண்டாவது, அந்த உறவில் பிறந்த பிள்ளையை வளர்ப்பவர். மூன்றாவது, துணை இறந்தோ காணாமற்போயோ, அல்லது தம் மேல் பிழையில்லாத காரணத்தால் மணம் முறிந்தோ தனித்தவர். இருவரும் கைகுலுக்கிப் பிரிந்தால், பிள்ளையும் இல்லையாயின், மூன்றிலும் இடமில்லை. நன்கு நடந்துகொண்டு பிரிந்ததே அவர் செய்த பிழை.

மூன்றாம் வகையில்தான் உரைகாரர்கள் அடித்துக்கொண்டனர். தம் மேல் பிழையில்லாத என்றால் ஒரு துளியும் இல்லாமலா, பெரும்பாலும் இல்லாமலா? அலுவலகத்தார் ஒரு துளியும் கூடாது என்றனர். குடும்பச் சண்டையில் ஒரு துளியும் பேசாத மருமகள் எந்த நாட்டில் உண்டு? வியட்நாமிய மனைவி ஒருவர் கணவன் மீதே பெரும்பிழை என்று நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்றிருந்தும், அவரிடமும் கொஞ்சம் பிழை இருக்கலாம் என்று காரணம் சொல்லி அலுவலகம் நீட்டிப்பை மறுத்தது. 2019 ஜூலை 4 அன்று கொரிய உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. முறிவுக்கு முதன்மைக் காரணம் கொரியத் துணை என்றால் போதும் என்றது. மறுக்கும் அலுவலகமே பிழையை நிறுவ வேண்டும் என்றும் சொன்னது. கொரிய மொழி தெரியாமல், சாட்சி கூட்டத் தெரியாமல் நிற்பவரிடம் உன் பிழையின்மையை நிறுவு என்று கேட்பது நியாயமாகாது என்பதே அதன் சாரம். கொரிய மணவிசா பற்றி இதுவரை எழுதப்பட்ட உரைகளில் இதுவே சிறந்த உரை. இதை எழுதியவர்கள் நகைச்சுவையாளர்களும் அல்லர்.

இவ்விடத்தில் அடிப்படை வாழ்வாதார உதவிச் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். வறுமையில் விழுந்த வெளிநாட்டுத் துணைக்கு அரசு உதவி எப்போது கிடைக்கும் என்று அது மூன்று நிலைகள் சொல்கிறது: கருவுற்றிருத்தல், கொரியக் குடியுரிமையுள்ள சிறு பிள்ளையை வளர்த்தல், துணையின் பெற்றோர் முதலிய முன்னோரோடு சேர்ந்து வாழ்தல். வயிற்றில் ஒரு கொரியர், மடியில் ஒரு கொரியர், அல்லது பாயில் படுத்த ஒரு கொரியர். மூவருள் ஒருவரும் இல்லாதபோது அவருக்கே பசித்தால் என்ன செய்வது என்பதற்கு நூற்பா இல்லை.

6. புறனடை

குடியா நிலையா எனவினா எழுப்பின்
கடவுச்சீட் டறிந்து கூறுக விடையே.

எஃப்-6-இலிருந்து வெளியேறும் நல்வழி இரண்டு. ஒன்று எஃப்-5, நிரந்தர வசிப்பு. 2002-இல் உண்டான இந்த நிலையை எஃப்-6-இல் 2 ஆண்டு வாழ்ந்தவர், வருமானம், கொரிய அறிவு, நன்னடத்தை காட்டிக் கேட்கலாம். எஃப்-5 பெற்று 3 ஆண்டானால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்கும் உண்டு. எஃப்-6-க்கு அது இல்லை. மற்றது குடியுரிமை. 2011 முதல், மணந்து வாழ்வோர் குடியுரிமை பெறும்போது, கொரியாவுக்குள் பழைய குடியுரிமையைப் பயன்படுத்தமாட்டேன் என்று உறுதிமொழி தந்து இரண்டையும் வைத்துக்கொள்ளக் கொரியா இசைகிறது.

கொரியா இசையும், இந்தியா இசையாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். இலங்கையில் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற வழி உண்டு. ஆகவே மதுரைக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் சியோலில் விடை ஒன்றன்று.

இனித் தொகுத்துரைப்போம். எஃப்-6 கொடுக்கும் உழைக்கும் உரிமை முழுமையானது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது கொடுக்கும் இருக்கும் உரிமை அரைகுறையானது. அது இன்னொருவர் பெயரில் தொங்குகிறது. வரி கட்டுகிறார், ஆலையில் உழைக்கிறார், கொரியப் பிள்ளையை வளர்க்கிறார். ஆனாலும் ஒவ்வொரு நீட்டிப்பிலும் யாருடையவர் என்றே கேட்கப்படுகிறார். சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்துவிட்டவர், மணம் நிலைத்தாலும் முறிந்தாலும், தம் பெயரிலேயே தங்கலாம் என்று ஒரு விதி சேர்த்தால் இந்த இலக்கணத்தில் பாதிப் பக்கங்கள் தேவைப்படா. அதுவரை, கொரியாவில் மணந்து வாழும் அன்பர்களே, 2 ஆண்டு நிறைந்ததும் எஃப்-5-க்கு விண்ணப்பியுங்கள். அதற்கான மொழி வகுப்பை முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிக் கணக்கிலும் உங்கள் பெயரும் இருக்கட்டும். விசா பற்றிய ஐயங்களுக்குக் குடிவரவுத் துறையின் 1345. வீட்டில் அடியோ மிரட்டலோ என்றால் நாள் முழுதும் இயங்கும் 1577-1366. இந்நூலை மறந்தாலும் இந்த இரண்டு எண்களை மறக்க வேண்டாம்.